குளுக்கோஸ் சென்சார் தப்பாகக் காட்டினால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

சென்சார் சரிவரவில்லை என்றதும் கை நேராக நொதிப் பாட்டிலுக்குத்தான் போகிறது. பழைய நொதி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றைத் திறக்கிறோம், அதுவும் அப்படியே நடந்துகொள்கிறது. பல சமயங்களில் நொதி பாவம், கோளாறு அதற்குக் கீழே உள்ள உலோகத்திலோ மேலே உள்ள சவ்விலோ பக்கத்தில் நிற்கும் ஒப்பீட்டு மின்முனையிலோ (மின்னழுத்தத்தை அளக்க நிலையான ஆதாரமாக நிற்பது) இருக்கும். எந்த அடுக்கில் பிழை என்று பிரிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. கீழே உள்ளதெல்லாம் அந்தப் பிரிப்பைச் செய்யும் முறைதான்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் அமைப்பு இது: 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாட்டினம் வட்டு (பரப்பு 0.071 சதுர சென்டிமீட்டர்). அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸும் மாட்டுச் சீரம் ஆல்புமினும் குளுடரால்டிஹைடால் பிணைக்கப்பட்ட படலம். வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக +0.6 வோல்ட். பி.எச். 7.4, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், அதில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 20 மில்லிலிட்டர், சீராகக் கலக்கியபடி. நொதி குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு குளுக்கனோலாக்டோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தருகிறது. பிளாட்டினம் அந்தப் பெராக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்ய, அதுவே நாம் காணும் மின்னோட்டமாகிறது. அதாவது பிளாட்டினத்துக்குக் குளுக்கோஸ் தெரியவே தெரியாது, குளுக்கோஸுக்காக அது பார்ப்பது இந்தப் பெராக்சைடைத்தான்.

முதலில் கேட்க வேண்டியது: பெராக்சைடு தெரிகிறதா?

30 சதவீதப் பெராக்சைடு ஏறக்குறைய 9.8 மோலார். அதில் 1.02 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக நீர்க்கச் செய்தால் 100 மில்லிமோலார் கிடைக்கும். பழைய பாட்டிலின் லேபிளை நம்ப வேண்டாம். இந்தக் கரைசலை மேலும் பத்து மடங்கு நீர்க்கச் செய்து 240 நானோமீட்டரில் 1 சென்டிமீட்டர் குவெட்டில் ஒளி உட்கவர்ச்சியைப் பாருங்கள், 0.43 அருகே வர வேண்டும். 0.3 வந்தால் பாட்டில் தேய்ந்துபோயிருக்கிறது, அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள்.

மின்னோட்டம் அமைதியான பிறகு 20 மில்லிலிட்டர் பஃபரில் 20 மைக்ரோலிட்டர் விடுங்கள். அது 0.1 மில்லிமோலார். சில நொடிகளில் மின்னோட்டக் கோட்டில் செங்குத்தான ஒரு படி எழ வேண்டும். நொதி பூசாத 3 மில்லிமீட்டர் பிளாட்டினத்தில் நன்றாகக் கலக்கும்போது படியின் உயரம் சில மைக்ரோ ஆம்பியர் இருக்கும். பஃபரை மாற்றிவிட்டு, அதே மின்முனையில் 1 மில்லிமோலார் குளுக்கோஸுக்கு வரும் படியையும் எடுங்கள். இரண்டு எண்களையும் தனித்தனியாகவும், குளுக்கோஸ் படியைப் பெராக்சைடு படியால் வகுத்த விகிதமாகவும், ஒவ்வொரு மின்முனைக்கும் முதல் நாளே எழுதி வையுங்கள். பிறகு என்றைக்குச் சிக்கல் வந்தாலும் அந்த விகிதமே பதில் சொல்லும். இரண்டு படிகளும் ஒரே அளவு குறைந்து விகிதம் அப்படியே நின்றால் குறை உலோகத்திலோ ஒப்பீட்டு மின்முனையிலோ. பெராக்சைடு படி அப்படியே இருந்து விகிதம் மட்டும் சரிந்தால் குறை நொதியில்.

இதில் ஒரு எச்சரிக்கை. நாம் விடும் பெராக்சைடு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். நொதி உண்டாக்குவதோ படலத்துக்குள்ளேயே பிறக்கிறது. ஆகவே வெளிச்சவ்வு (குளுக்கோஸ் நுழைவதைக் குறைக்க நொதிப் படலத்தின்மேல் போடுவது) போட்டபின் பெராக்சைடு படி குறைவது இயல்பு. சவ்வு போட்ட மின்முனையை அதன் சொந்த முதல் நாள் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், வெறும் பிளாட்டினத்தோடு அல்ல. பெராக்சைடு நொதியையும் மெல்லக் கெடுக்கும் என்பதால் 0.1 மில்லிமோலாரைத் தாண்டாமல், ஒரு நிமிடத்துக்குள் சோதனையை முடித்துக் கழுவிவிடுங்கள்.

எதைச் சேர்த்தாலும் கோடு அசைவதே இல்லை

மின்முனையைத் தொடும் முன் கருவி. எதிர் மின்முனை, ஒப்பீட்டு மின்முனை இரண்டின் கவ்விகளையும் சேர்த்து ஒரு 1 மெகா ஓம் மின்தடையின் ஒரு முனையிலும், வேலை மின்முனைக் (நம் பிளாட்டினம்) கவ்வியை மறுமுனையிலும் மாட்டுங்கள். 0.6 வோல்ட் கொடுத்தால் 0.6 மைக்ரோ ஆம்பியர் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கவ்வி, கம்பி, பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஆகியவற்றில்தான் தேட வேண்டும். காட்டினால் மின்னோட்ட எல்லையைப் பாருங்கள். 100 நானோ ஆம்பியர் எல்லையில் வைத்துவிட்டு மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வரும் மின்னோட்டத்தை எதிர்பார்த்தால், உச்சியில் முட்டிய நேர்க்கோடுதான் கிடைக்கும். சில மென்பொருள்கள் ஆக்சிஜனேற்ற மின்னோட்டத்தைக் கீழ்நோக்கி வரையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கருவி சரி என்றால் பிளாட்டினம். 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாத் தூளில் இந்த வரிசையிலேயே மெருகேற்றி, ஒவ்வொன்றுக்கும் இடையில் நீரில் கழுவி, கடைசியில் இரண்டு நிமிடம் மீயொலியில் வையுங்கள். பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில் −0.2 முதல் +1.2 வோல்ட் வரை மின்னழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, மின்னோட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். −0.2க்கும் +0.1க்கும் இடையில் ஹைட்ரஜன் முகடுகள் கூர்மையாகப் பிரிந்து, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மேற்பரப்பு சுத்தம். முகடுகள் மழுங்கி மேடாக இருந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. அமிலத்துக்குள் குளோரைடு கசியும் ஒப்பீட்டு மின்முனையை நேரடியாக வைத்தால் குளோரைடே அந்த முகடுகளைக் கெடுக்கும், இரட்டைச் சந்தி உள்ளதையோ உப்புப் பாலத்தையோ பயன்படுத்துங்கள்.

அடுத்தது ஒப்பீட்டு மின்முனை, அதிகம் ஏமாற்றுவது இதுதான். நன்றாகக் குளோரைடு ஏறிய வெள்ளிக் கம்பி சாம்பலும் ஊதாவும் கலந்த மங்கல் நிறத்தில், ஒரே சீராக இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது எங்காவது வெள்ளி பளிச்சென்று மின்னினால் அங்கே பூச்சு போய்விட்டது, மின்னழுத்தம் இனி நிலைக்காது. சோடியம் ஹைப்போகுளோரைட்டு வெளுப்பானில் 20, 30 நிமிடம் ஊற வைத்தால் மீண்டும் ஏறும், நன்கு கழுவிப் பயன்படுத்துங்கள்.

குளோரைடின் அளவும் முக்கியம். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரம்பிய மின்முனைக்கும், 0.1 மோலார் குளோரைடு உள்ள பஃபரில் அப்படியே நிற்கும் வெள்ளிக் கம்பிக்கும் 75 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபாடு உண்டு. பத்து மடங்கு குளோரைடு மாறினால் 59 மில்லிவோல்ட் நகரும். குளோரைடே இல்லாத பாஸ்பேட்டில் அச்சிட்ட பட்டை மின்முனையை இறக்கினால் மின்னழுத்தம் எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் 1 மில்லிமோலார் பெராக்சைடில் 0 முதல் +0.8 வோல்ட் வரை மெதுவாக ஓட்டி, மின்னோட்டம் எங்கே சமதளமாகிறது என்று பாருங்கள். அந்த இடம் முன்பு இருந்ததிலிருந்து நகர்ந்திருந்தால் நகர்ந்தது ஒப்பீட்டு மின்முனை.

பெராக்சைடுக்கு எழுகிறது, குளுக்கோஸுக்கு எழவில்லை

இப்போதுதான் நொதியைச் சந்தேகிக்கும் நேரம். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது.

பஃபர் முதலில். நொதியைக் குளுடரால்டிஹைடு பிணைப்பது அமினோ தொகுதிகள் வழியாக. டிரிஸ் பஃபரிலும் கிளைசினிலும் அதே அமினோ தொகுதி நிறையக் கிடக்கிறது, அவையே குளுடரால்டிஹைடைத் தின்றுவிடும். படலம் இறுகாது, முதல் கழுவலிலேயே நொதி போய்விடும். கரைப்பது பாஸ்பேட்டில் மட்டும். நொதித் தூளோடு அம்மோனியம் சல்பேட் வந்திருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், டயாலிசிஸ் செய்து நீக்குங்கள்.

அளவு அடுத்து. ஒரு மில்லிலிட்டர் பாஸ்பேட்டில் 10 மில்லிகிராம் நொதியும் 40 மில்லிகிராம் ஆல்புமினும், நுரை எழாமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரையுங்கள். சுழலியில் வைத்து ஆட்ட வேண்டாம், நுரையில் புரதம் உருக்குலையும். கரைசல் தெளிவாக, லேசான மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் நொதிக்குள் உள்ள ஃபிளேவினுடையது. இதில் 45 மைக்ரோலிட்டர் எடுத்து 2.5 சதவீதக் குளுடரால்டிஹைடு 5 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கடைசிச் செறிவு 0.25 சதவீதம். உடனே கலக்கி, உடனே 2 மைக்ரோலிட்டர் வட்டில் விடுங்கள். சில நிமிடங்களில் குழாயில் மீதமிருப்பது பிசுபிசுக்கத் தொடங்கும், அதன்பின் எடுக்கும் துளி முதல் துளிக்குச் சமமல்ல. மூடிய பெட்டியில் ஈரத்தோடு ஒரு மணி நேரம், பிறகு 0.1 மோலார் கிளைசினில் பத்து நிமிடம் வைத்து எஞ்சிய ஆல்டிஹைடை அடக்கி, பஃபரில் கழுவுங்கள். குளுடரால்டிஹைடைக் கையாளும்போது கையுறையும் ஆவி உறிஞ்சும் பெட்டியும் கட்டாயம்.

குளுடரால்டிஹைடு அதிகமானால் படலம் இறுகும், ஆனால் நொதி முடங்கும். குறைந்தால் நொதி உயிரோடு இருக்கும், ஆனால் வெளியேறிவிடும். எது நடந்தது என்று ஊகிக்க வேண்டாம், சோதிக்கலாம். மின்முனையை 1 மில்லிலிட்டர் பஃபரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து வெளியே எடுங்கள். அந்தப் பஃபரில் 10 மில்லிமோலார் வருமளவு குளுக்கோஸ் சேர்த்து, நொதி பூசாத வேறொரு சுத்தமான பிளாட்டினத்தை இறக்கி அரை மணி நேரம் பாருங்கள். மின்னோட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் நொதி கரைந்து அங்கே வந்துவிட்டது. ஏறவே இல்லையென்றால் நொதி படலத்தில்தான் இருக்கிறது, ஆனால் செயலற்றுப் போயிருக்கிறது. முதலாவதற்குக் குளுடரால்டிஹைடைக் கூட்டு, இரண்டாவதற்குக் குறை. நாள்பட்ட குளுடரால்டிஹைடு தானாகவே பலபடியாகி வலிமை மாறும். அதன் நிறமாலையில் 280 நானோமீட்டரைவிட 235இல் உட்கவர்ச்சி ஓங்கியிருந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு ஒளிந்த காரணம் கேட்டலேஸ். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து எடுத்து முழுதாகத் தூய்மையாக்காத நொதியில் கேட்டலேஸ் கலந்திருக்கும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உண்டாக்கும் பெராக்சைடைப் பிளாட்டினத்துக்கு எட்டும் முன்பே அது உடைத்துவிடும். ஒரு குவளையில் நொதிக் கரைசல், இன்னொன்றில் அதே அளவு ஆல்புமின் மட்டும், இரண்டிலும் குளுக்கோஸ் இல்லாமல் 0.1 மில்லிமோலார் பெராக்சைடு விட்டுப் பத்து நிமிடம் அளந்து பாருங்கள். நொதி உள்ளதில் மட்டும் வேகமாகச் சரிந்தால் தூய்மையான தரத்துக்கு மாறுங்கள்.

வெள்ளி, பாதரசம், தாமிரம் ஆகியவற்றின் அயனிகள் இந்த நொதியை முடக்கும். வெள்ளிப் பசை அச்சிட்ட பட்டையில் நொதித் துளி ஒப்பீட்டு மின்முனை வரை பரவி உலர்ந்தால் இதுவே நேர்கிறது. துளியை வேலை மின்முனைக்குள் அடக்குங்கள்.

படி எழுகிறது, ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது

பெரும்பாலும் அன்று காலையில் கரைத்த குளுக்கோஸ்தான் காரணம். நொதி பீட்டா வடிவ டி-குளுக்கோஸை மட்டுமே ஏற்கும். பாட்டிலில் உள்ள படிகமோ பொதுவாக ஆல்ஃபா. நீரில் கரைந்தபின் அது மெல்ல மாறி 36 பங்கு ஆல்ஃபா, 64 பங்கு பீட்டா என்ற சமநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். 1 மோலார் கரைசலை முந்தைய மாலையே தயாரித்து இரவு முழுக்க வையுங்கள். 100 மில்லிலிட்டருக்கு நீரற்ற குளுக்கோஸ் 18.02 கிராம், ஒரு நீர் மூலக்கூறு உள்ளது 19.82 கிராம். லேபிளைக் கவனிக்காமல் இரண்டாவதை 18 கிராம் போட்டால் எல்லா அளவும் 9 சதவீதம் குறைவாக வரும், அதுவும் வளைவு அழகாக நேராகவே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கரைசல் கலங்கியிருந்தால் அதில் நுண்ணுயிர் விருந்துண்டு கொண்டிருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

கரைசல் பழையதாக இருந்தும் ஏற்றம் நிற்கவில்லை என்றால் படலம் தடிமன். துளியைப் பாதியாக்குங்கள்.

எதுவும் சேர்க்காமலே கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது

மின்னழுத்தம் கொடுத்ததும் மின்னோட்டம் உயர்ந்து பிறகு தணிவது இயற்கை. புதிய மின்முனைக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம், பொறுத்திருங்கள். நிமிடத்துக்கு ஏற்படும் மாற்றம், நீங்கள் அளக்கப்போகும் மிகச் சிறிய படியின் நூறில் ஒரு பங்குக்குக் கீழே வந்தபின் தொடங்கினால் போதும். இரண்டு மணி நேரம் கடந்தும் நிற்கவில்லையென்றால் காப்புப் பூச்சின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். பிளாட்டினத்துக்கும் அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக்குக்கும் இடையில் முடி அளவு இடுக்கு இருந்தால் பஃபர் ஊறி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வேலை செய்யும் பரப்பும் கூடிக்கொண்டே போகும். எப்பாக்ஸி வைத்து மூடி மறுபடி மெருகேற்ற வேண்டியதுதான்.

கோடு நடுங்குகிறது

சீரான அலையாக இருந்தால் மின்சாரக் கம்பிகளின் இரைச்சல். உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பொட்டென்ஷியோஸ்டாட்டின் தரைமுனையோடு இணைக்கவும். ஒழுங்கில்லாத குதிப்பாக இருந்தால் ஒப்பீட்டு மின்முனையின் நுனியில் காற்றுக் குமிழி, தளர்ந்த கவ்வி, அல்லது கலக்கும் காந்தத் துண்டு தள்ளாடுவது. கலக்கியை ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாலே கடைசியானது தெரிந்துவிடும்.

5 மில்லிமோலாருக்கு மேல் வளைந்து தட்டையாகிவிடுகிறது

இரண்டு வேறு காரணங்கள் ஒரே வளைவைத் தரும். நொதி நிறைவடைவது ஒன்று, ஆக்சிஜன் போதாமல் போவது இன்னொன்று. காற்றோடு சமநிலையில் உள்ள பஃபரில் 25 டிகிரியில் ஆக்சிஜன் 0.25 மில்லிமோலார் அளவுதான். குளுக்கோஸோ அதைப்போல் இருபது, முப்பது மடங்கு. ஒரு குளுக்கோஸுக்கு ஓர் ஆக்சிஜன் வேண்டும் என்பதால் பற்றாக்குறை தவிர்க்க முடியாதது.

பிரித்தறிய: தட்டையான இடத்தில் நின்றுகொண்டு பஃபருக்குள் தூய ஆக்சிஜனைக் குமிழியிடுங்கள். மின்னோட்டம் எழும்பினால் ஆக்சிஜன்தான் தடை. அசையாவிட்டால் நொதியின் எல்லை. இரண்டுக்கும் மருந்து ஏறத்தாழ ஒன்றே, குளுக்கோஸ் உள்ளே வரும் வேகத்தைக் குறைப்பது. ஆக்சிஜன் தாராளமாகவும் குளுக்கோஸ் சிக்கனமாகவும் நுழையும் வெளிச்சவ்வு அதைச் செய்யும். பாலியூரேத்தேனை 3 சதவீதம், டெட்ராஹைட்ரோஃபியூரானில் சிறிது டைமெத்தில் ஃபார்மமைடு சேர்த்துக் கரைத்து, நன்றாக உலர்ந்த நொதிப் படலத்தின்மேல் முக்கி எடுக்கவும். 20 நிமிடம் உலரவிட்டு இன்னொரு முறை. படலத்தில் ஈரம் இருந்தால் கரைப்பான் நொதியைக் கெடுக்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து சவ்வு பால்போல் வெளுக்கும். அந்த வெண்மை துளைகள், அந்தச் சவ்வு எதையும் தடுக்காது. சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பெட்டியில் உலர வையுங்கள்.

உணர்திறன் குறையும்தான். 0 முதல் 30 மில்லிமோலார் வரை நேராக ஓடும் சிறிய படிகள், 3 மில்லிமோலாரில் முடிந்துவிடும் பெரிய படிகளைவிட எவ்வளவோ மேல்.

நாளுக்கு நாள் படி சிறுத்து வருகிறது

முதல் நாள் விகிதத்தை எடுங்கள். விகிதம் மாறாமல் இரண்டும் சிறுத்தால் பிளாட்டினத்தில் அழுக்கு, அல்லது ஒப்பீட்டு மின்முனையில் குளோரைடு தீர்ந்துவருகிறது. விகிதம் சரிந்தால் மேலே சொன்ன ஊறல் சோதனையைச் செய்யுங்கள். நொதி வெளியேறவும் இல்லை, படியும் சிறுக்கிறது என்றால் நொதியைக் கெடுப்பது அதுவே உண்டாக்கும் பெராக்சைடு. அதிக குளுக்கோஸில் மணிக்கணக்காக நிறுத்தி வைக்காதீர்கள். வைக்கும்போது பஃபரில், 4 டிகிரியில், இருட்டில்.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு டிகிரிக்கும் படி சில சதவீதம் மாறும். காலையிலும் பிற்பகலிலும் வெவ்வேறு வெப்பத்தில் எடுத்த எண்களை ஒப்பிட்டுவிட்டு நொதி சாகிறது என்று சொல்வது நியாயமல்ல.

அஸ்கார்பிக் அமிலத்துக்கும் பாராசிட்டமாலுக்கும் எழுகிறது

+0.6 வோல்ட்டில் இவையும் யூரிக் அமிலமும் ஆக்சிஜனேற்றமடையும். அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் எதிர்மின் ஏற்றமுள்ளவை, அதனால் எதிர்மின் ஏற்றமுள்ள பலபடிப் படலமான நாஃபியான் அவற்றைத் தள்ளிவைக்கும். பாராசிட்டமால் நடுநிலை, நாஃபியானைத் தாண்டிவிடும். அதற்குப் பருமனைப் பார்த்து வடிகட்டும் படலம் வேண்டும்: 100 மில்லிமோலார் மெட்டா-ஃபினிலீன்டையமின், பாஸ்பேட்டில், நைட்ரஜன் செலுத்தி, +0.7 வோல்ட்டில் 15 முதல் 20 நிமிடம். படலம் மின்கடத்தாது என்பதால் வளர வளரத் தன்னையே அடைத்துக்கொள்ளும், மின்னோட்டம் செங்குத்தாக விழும். விழாமல் மேலே நின்றால் கரைசல் கெட்டது. நிறமற்று இருக்க வேண்டிய கரைசல் பழுப்பாகியிருந்தால் போடவே வேண்டாம்.

சோதனைக்கு 0.1 மில்லிமோலார் பெராக்சைடும் 0.1 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலமும். இரண்டாவது படி முதலாவதன் சில சதவீதத்துக்குள் அடங்க வேண்டும்.

வேறு வழி, மின்னழுத்தத்தையே 0 வோல்ட்டுக்கு அருகே இறக்கும் பிரஷ்யன் நீலம் (மின்முனையில் பூசும் ஓர் இரும்புச் சேர்மம்). அதன் அறிகுறிகள் தனி. நீலம் சில மணியில் வெளிறினால் பி.எச். அதிகம், 6 முதல் 6.5க்குள் வையுங்கள். முகடுகள் குலைந்தால் பஃபரில் சோடியம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பொட்டாசியம் அயனி கட்டாயம் வேண்டும்.

பஃபரில் சரி, சீரத்தில் குறைவாகக் காட்டுகிறது

சென்சாரைக் குறைசொல்லும் முன் மாதிரியைப் பாருங்கள். எடுத்து வைத்த முழு இரத்தத்தில் செல்களே குளுக்கோஸைத் தின்னும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். உடனே செல்களைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது சிவப்பணு உடைந்து மாதிரி இளஞ்சிவப்பானால், அதிலிருந்து வெளிவரும் கேட்டலேஸ் பெராக்சைடை உடைக்கும்.

மாதிரி சரியென்றால், தெரிந்த அளவு குளுக்கோஸை அதே சீரத்தில் சேர்த்துப் படியை அளந்து பஃபரில் கிடைத்த படியோடு ஒப்பிடுங்கள். சீரத்தில் படி குறைவாக இருந்தால் புரதம் படிகிறது, அல்லது பிசுக்கு ஊடுருவலைத் தடுக்கிறது. பஃபருக்குத் திரும்பியதும் பழைய உயரம் வந்தால் பிசுக்கு, வராவிட்டால் படிவு. படிவு என்றால் புதிய சென்சாரைச் சீரத்திலேயே இரண்டு மணி நேரம் மின்னழுத்தத்தோடு ஓடவிட்டு, முதல் சரிவு அடங்கியபின் அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

ஒரே நாளில் செய்த ஆறு மின்முனைகள் ஆறு விதமாகக் காட்டுகின்றன

துளி உலரும் விதத்தைக் குனிந்து பாருங்கள். திறந்த மேசையில் உலரும் துளி ஓரத்திலிருந்து காய்கிறது, புரதம் ஓரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு நடுவில் மெல்லிய தோலும் சுற்றிலும் தடித்த வளையமுமாக நிற்கும். வளையம் பிளாட்டினத்துக்கு வெளியே பிளாஸ்டிக்கில் விழுந்தால் அந்த நொதியால் பயனில்லை. ஈரமான பெட்டியில் மெதுவாக உலரவிட்டால் வளையம் மெலியும். 2 மைக்ரோலிட்டர் துளியைப் பெரிய பிப்பெட்டில் எடுக்காதீர்கள். ஆறு மின்முனைக்கும் ஒரே கலவை போதாது, மூன்றுக்கு ஒரு முறை புதிதாகக் குளுடரால்டிஹைடு கலந்துகொள்ளுங்கள். நொதி போடும் முன்பே ஆறின் பெராக்சைடு படிகளையும் அளந்து, ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கும் வட்டை மறுபடி மெருகேற்றுங்கள்.